மிச்சமாகும் இடத்தில் இன்னொரு படி எடுங்கள்

பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது என் தொழில். கடை ராயபுரத்தில். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னை முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் அப்பாவின் சாவுக்கு விடிய விடியப் பாடிய மரண கானாவைக் கொண்டுவருவார். இன்னொருவர் ஆலை வாசலில் நடந்த சங்கக் கூட்டத்துப் பேச்சு. வலை இழுக்கும்போது தாத்தா பாடிய அம்பாப் பாட்டும் வரும். ஏற்றி முடித்ததும் பலர் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, எம்பி3-ஆ போட்டுக் குடுங்க. அந்தப் பெரிய ஃபைலை அழிச்சிடுங்க, இடத்த அடைக்குது."

அழிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இடத்தை அடைப்பது உண்மைதான். சிடி தரத்தில் பதிந்த வேவ் ஃபைல் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். ஒரு மணி நேரக் கேசட் என்றால் 600 மெகாபைட்டைத் தாண்டும். எம்பி3 இதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். ஆனால், காதுக்குத் தேவையில்லை என்று அது கணக்குப்போட்டு எறிந்த ஒலி திரும்ப வராது. இரைச்சல் மிகுந்த பழைய கேசட்டில் அடி முதலில் விழுவது கைத்தட்டலுக்கும் டோலக்கின் கூர்மைக்கும்தான்.

இதற்கு வழி ஃபிளாக். 2001-இல் முதல் பதிப்பு வெளியான கட்டற்ற வடிவம் இது. எந்தக் கம்பெனிக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டாம். இதன் விவரக்குறிப்பு 2024 டிசம்பரில் இணையத் தரநிலை ஆவணமாகவே வந்துவிட்டது. எழுதிய ஆட்கள் போனாலும் வேறொருவர் படித்து மென்பொருள் செய்துகொள்ளலாம். அளவு ஏறக்குறைய பாதியாகும். இரைச்சல் அதிகமென்றால் குறைப்பும் குறையும். மறுபடி வேவ் ஆக்கினால் ஒலியில் ஒரு பிட் கூட மாறியிருக்காது. வலையை மடித்து வைப்பது வேறு, அறுத்துச் சிறிதாக்குவது வேறு.

"ஹார்டு டிஸ்க்தான் மலிவாச்சே, வேவாகவே இருக்கட்டுமே" என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். பெரிய ஆவணக் காப்பகங்கள் வேவ் வடிவில்தான் வைக்கின்றன. அவர்களிடம் ஆளும் இருக்கிறது, மாற்றுப் படியும் இருக்கிறது. நம் வீடுகளில் இருப்பது பீரோவுக்குள் ஒரே டிஸ்க். 2023 டிசம்பரில் எர்ணாவூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததே, அந்தத் தண்ணீருக்கு வேவும் எம்பி3-யும் ஒன்றுதான். ஃபிளாக்கில் மிச்சமாகும் பாதி இடத்தை இன்னொரு படிக்குச் செலவிடுங்கள் என்கிறேன். அந்தப் படி உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. ஆவடியில் இருக்கும் தங்கச்சி வீட்டில் இருக்கட்டும்.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஈழத்துத் தன்னார்வலர்கள் 2005-இல் நூலகம் என்ற இணையக் காப்பகத்தைத் தொடங்கி நூல்களை மின்படிகளாக்கி வருகிறார்கள். ஒற்றைப் படியை நம்பினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் தமிழரில் குறைவு.

சினிமாவில் வந்த கானாவுக்குக் கவலையில்லை, அதற்கு ஆயிரம் படி உண்டு. செத்தவர் பெயரையும் தொழிலையும் சேர்த்துக் கட்டி அந்த ஓர் இரவுக்காகவே பாடிய கானாவுக்கு அந்தக் கேசட்தான் ஒரே சாட்சி.

சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஃபிளாக் வேண்டாம், ஓபஸ் போதும். 2012-இல் தரநிலையான அதுவும் கட்டற்றதுதான்; வாட்ஸப்பில் நீங்கள் பேசி அனுப்பும் குரல் ஓபஸில்தான் போகிறது. ஆனால் அனுப்புவது வேறு, காப்பது வேறு. ஓபஸும் ஒலியைக் கழித்துத்தான் சிறிதாகிறது.

மாற்றுவது கஷ்டமில்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேவைத் திறந்து ஃபிளாக்காகச் சேமித்தால் போதும். பாடியவர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் தமிழிலேயே ஃபைலுக்குள் எழுதிவிடலாம். மூல ஒலியின் அடையாள எண் ஒன்றை ஃபிளாக் தனக்குள்ளேயே வைத்திருக்கும். ஃபைல் பழுதாகியிருக்கிறதா என்று சோதிக்க அது உதவும். இரண்டு படிகளையும் சோதித்த பிறகு வேவை அழித்துக்கொள்ளுங்கள்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. வடசென்னையின் கிளை நூலகங்களில் ஒரு கேசட் பிளேயரும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்து, மக்கள் கொண்டுவரும் ஒலியை ஃபிளாக்கில் ஏற்றிக் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் நூலகத்திலும் ஒரு படி வையுங்கள். இதனால் என் கடைக்கு வரும்படி குறையும். குறைந்தாலும் பரவாயில்லை, கேசட் நாடாவில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் செய்யுங்கள்.