பத்தொன்பதாவது சிப்பமும் இருபதாயிரம் ரூபாய் அபராதமும்



அறுவடை வந்துவிட்டால் நம் ஊர் ரோட்டில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர், நெல்லுக்கு அடிமாட்டு விலை பேசும் வியாபாரி. இன்னொருவர், வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் பிரேக் இன்ஸ்பெக்டர். முதலாமவரைப் பற்றி இந்தப் பிரசுரத்தில் எத்தனையோ தடவை எழுதிவிட்டோம். இரண்டாமவர் கேட்கிற கேள்வியைப் பற்றி ஒரு தடவையாவது நாம் உட்கார்ந்து பேச வேண்டாமா?

சென்ற சம்பா அறுவடையில் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் சொந்தக் குட்டியானையில் 40 சிப்பம் நெல் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனார். வழியில் மடக்கினார்கள். "எவ்வளவு ஏத்தலாம்னு தெரியுமாய்யா?" என்று அதிகாரி கேட்க, "வண்டி இழுக்கிற வரைக்கும் ஏத்துறதுதான் சார்" என்றிருக்கிறார் இவர். ஓவர்லோடு கேஸ் போட்டுவிட்டார்கள். போன் வந்ததும் பத்துப் பேர் கிளம்பிப் போனோம். "விவசாயி வயிற்றில் அடிக்காதே" என்று சத்தம் போட்டோம். அந்த அதிகாரி அமைதியாக ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்து நம் கையில் கொடுத்தார். அதில் இருந்ததைப் படித்துப் பார்த்த பிறகு எங்களுக்குப் பேச வாய் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், இந்தத் தலையங்கம் அன்றைக்கு நாங்கள் தலைகுனிந்து திரும்பியதால் எழுதப்படுவது.

ஆர்.சி.யில் இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்று காலி வண்டியின் எடை. மற்றொன்று மொத்த எடை, அதாவது வண்டி, சரக்கு, டிரைவர், பக்கத்தில் உட்காருகிற ஆள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு வரலாம் என்கிற உச்சவரம்பு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நாம் ஏற்றலாம். உதாரணத்துக்கு, காலி எடை 800 கிலோ, மொத்த எடை 1,550 கிலோ என்று இருந்தால் மிச்சம் 750. நம் கணக்கில் சொன்னால் 40 கிலோ சிப்பம் 18. பத்தொன்பதாவது சிப்பம் ஏறும்போதே சட்டத்தை மீறியாயிற்று! அந்த 750-லும் டிரைவர் எடை போகும். பக்கவாட்டில் இரும்புத் தகடு அடித்து உயரம் கூட்டியிருந்தால் அந்தத் தகட்டின் எடையும் போகும். உயரம் கூட்டினால் இடம் கூடுகிறது, ஏற்றலாம் என்கிற எடை குறைகிறது. இதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

40 சிப்பம் என்றால் 1,600 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல். வண்டி இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் இழுக்கிற எஞ்சின் வேறு, நிறுத்துகிற பிரேக் வேறு. வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் குறுக்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடி வந்தால் எஞ்சின் உதவிக்கு வராது.

அபராதம் எவ்வளவு? மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் முன்பு 2,000 ரூபாய் என்றிருந்ததை 2019-இல் 20,000 ஆக்கிவிட்டார்கள். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரவும் கூடாது, இறக்குகூலியும் நம் தலையில். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் சாதாரண ரக நெல்லுக்குக் கொள்முதல் விலை குவிண்டால் 2,500 ரூபாய். 20,000 ரூபாய்க்கு 8 குவிண்டால் நெல் அளக்க வேண்டும், அதாவது 20 சிப்பம். ஒரு நடை மிச்சம் பண்ணலாம் என்று கூடுதலாக ஏற்றினோமே, ஏறத்தாழ அவ்வளவும் அபராதத்துக்கே போகிறது.

அதற்காக அதிகாரி சொல்வதற்கெல்லாம் தலையாட்டச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்து "ரெண்டு டன் இருக்கும்" என்று எழுதுவது எடை ஆகாது. எடை கூடுதல் என்று சந்தேகப்பட்டால், போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, சரக்கு இறங்கும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கிற எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லலாம் என்று 114-ஆம் பிரிவு சொல்கிறது. எடை போடச் சொல்லுங்கள், எடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போகவோ, எடை போட மறுக்கவோ மட்டும் செய்யாதீர்கள், அதற்குத் தனியாக 40,000 அபராதம்.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். ஓட்டியவரை மட்டும் சட்டம் குறிப்பிடவில்லை, "ஓட்டச் செய்தவர், ஓட்ட அனுமதித்தவர்" என்றும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் நடப்பது என்ன? "ஒரே நடையில் கொண்டாந்துடு, ரெண்டாவது நடைக்கு வாடகை கிடையாது" என்று மண்டியில் உட்கார்ந்து சொல்கிற முதலாளி மீது எந்த ஊரில் கேஸ் விழுந்திருக்கிறது? டன்னுக்கு இவ்வளவு என்று அடிமட்ட வாடகை பேசி, இரண்டு டிரெய்லரில் வானம் முட்டக் கரும்பு ஏற்ற வைக்கிற ஆலை நிர்வாகங்களை யார் கேட்டார்கள்? ரோட்டில் பிடிபடுவது ஸ்டியரிங் பிடித்தவன் மட்டும்தான்.

சரி, லைசென்ஸுக்கு வருவோம். இதில் நமக்கு நல்ல சேதி உண்டு, தெரியாததால் பலர் ஏமாறுகிறோம். சாதாரண இலகுரக லைசென்ஸை வைத்துக்கொண்டு சரக்கு வண்டி ஓட்டினால், விபத்து நடந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் முதலில் கேட்டது, "பேட்ஜ் இருக்கா?" என்பதுதான். இல்லையென்றால் பொறுப்பு எங்களுடையதில்லை என்று கோர்ட்டில் வாதாடினார்கள். பேட்ஜ் தேவையில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்ன பிறகும் கம்பெனிகள் விடவில்லை. கடைசியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று முடிவு கட்டிவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனி பேட்ஜ் வேண்டாம். குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்கப், 407 எல்லாம் இதில் அடங்கும். உங்கள் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த 7,500 என்பது சரக்கு மட்டுமல்ல, வண்டியும் சேர்த்து. அதற்கு மேற்பட்ட லாரிக்கு இந்த லைசென்ஸ் செல்லாது.

டிராக்டருக்குக் கணக்கு வேறு. அது தானாகச் சரக்கு சுமக்கிற வண்டி அல்ல என்பதால் காலி எடையைத்தான் பார்ப்பார்கள். நம் டிராக்டர்கள் 7,500-க்கு வெகு கீழே. பின்னால் டிரெய்லரை மாட்டி அதில் சரக்கு இருந்தது என்பதற்காக டிராக்டர் லைசென்ஸ் செல்லாமல் போய்விடாது என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் விவசாய உபயோகத்துக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு செங்கல் வாடகைக்கும் மணல் வாடகைக்கும் விட்டால், விபத்து நாளில் அந்தக் காகிதம் கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள்.

பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்து "வயல்ல இருந்து களம் வரைக்கும்தானே" என்கிறோம். நடுவில் பொது ரோடு வருகிறதே! பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 அபராதம், மூன்று வருடம் வரை ஜெயில், வண்டியின் ஆர்.சி. 12 மாதம் ரத்து.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேதனை ஒன்று இருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் நம் வீட்டுப் பெண்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறோம், மட்கார்டில் இரண்டு பேரை உட்கார வைக்கிறோம். டிராக்டரில் டிரைவருக்கு மட்டும்தான் சீட்டு. டிரெய்லரில் போன கூலித் தொழிலாளி அடிபட்ட வழக்கில் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கண்டது. பாதிக்கப்பட்டவருடைய ஏழ்மையைப் பார்த்து, இப்போது கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள் என்று கம்பெனிக்குச் சொன்னது. உரிமையாளர் என்றால் யார்? ஒன்றரை ஏக்கரும் கடன் டிராக்டரும் வைத்திருக்கிற நீங்களும் நாங்களும்தான். சரக்கு வண்டியில் சரக்குக்குச் சொந்தக்காரர் கூடப் போனால் அவருக்குச் சட்டத்தில் இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு, மூட்டை மேல் படுத்துக்கொள்ளாமல் கேபினில் உட்கார்ந்து போங்கள்.

அப்படியானால் பாதி பாதியாக ஏற்றி இரண்டு நடை அடிக்க டீசல் காசை யார் தருவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் அபராதத்தைக் குறை என்று மட்டும் கேட்டு இந்தத் தடவை நாம் நிற்கப் போவதில்லை. ஆர்.சி.யில் உள்ள எடைக்குத் தக்கபடி வாடகை நிர்ணயிக்க வேண்டும், கரும்பு ஆலைகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அதிக எடை ஏற்றச் சொல்கிற முதலாளி மீதும் 194-ஆம் பிரிவில் கேஸ் போட வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விவசாயிக்கு இலவசமாக எடைமேடை வேண்டும். நெல் விளைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொள்முதல் நிலையம் திறந்தால் இந்த ஓவர்லோடில் பாதி தானாகக் குறையும். லைசென்ஸ் இல்லாமல் டிராக்டர் ஓட்டுகிற நம் ஆட்களுக்கு, புரோக்கர் கையில் சிக்காதபடி, ஊரிலேயே முகாம் நடத்த வேண்டும்.

இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறோம். வண்டி வைத்திருக்கிறவர்கள் ஆர்.சி. ஜெராக்ஸும் லைசென்ஸ் ஜெராக்ஸும் எடுத்து, இதுவரை கட்டிய அபராத ரசீது இருந்தால் அதையும் கூட வைத்து, கிளைச் செயலாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பஸ்ஸில் வந்து சேருங்கள். டிராக்டர் டிரெய்லரில் ஆளேற்றிக்கொண்டு யாரும் வர வேண்டாம்.