கூடலூரில் இறங்குவோர் யார்?

தேனி ஜில்லாவின் தென்மேற்குக் கோடியில், குமுளி மலையின் அடிவாரத்தே அமைந்திருக்கும் கூடலூரைக் கடந்து வருஷம் முழுவதும் பிரயாணிகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தேக்கடிக்குப் படகு விடப் போகிறவர்கள் ஒரு சாரார். கார்த்திகை மார்கழியில் இருமுடி தாங்கிச் செல்லும் ஐயப்ப பக்தர்கள் மற்றொரு சாரார். இவர்களில் கூடலூரில் இறங்குவோர் எத்தனை பேர்? ஒரு கோப்பைத் தேநீருக்கும் ஒரு கிலோ திராட்சைக்கும் மட்டுமே வண்டி நிற்கிறது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத ஊரென்றால் இதில் வியப்பில்லை. உண்மை நேர் விரோதமானது என்பதே நமது அபிப்பிராயம்.

தேக்கடி ஏரி இயற்கையாக உண்டானதன்று. 1886-ஆம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 8,000 ஏக்கர் நிலம் 999 வருஷக் குத்தகைக்குப் பெறப்பட்டு, சென்னை ராஜதானியின் பணத்தைக்கொண்டு கட்டி 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தேக்கமே அது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பியதுதான் அவ்வேலையின் உயிர். அப்படித் திரும்பிய நீர் வந்து இறங்கும் இடம் கூடலூர் எல்லையிலுள்ள லோயர் காம்ப். அணை கட்டியோர் இட்ட முகாமின் பெயரே இன்றும் ஊர்ப் பெயராக நிற்கிறது. மலைச்சரிவில் நான்கு பெருங்குழாய்கள் இறங்க, கீழே மின்சார நிலையம் சுழல, அங்கிருந்து வெளியேறும் நீர் முல்லையாறாகப் பள்ளத்தாக்கை நனைத்து வைகையைச் சேருகிறது. ஏரியில் படகேறுவோன் அந்நீரின் பாதிக் கதையையே காண்கிறான். மறு பாதி நம் பக்கத்தில் இருக்கிறது. அதை அவனுக்கு எடுத்துரைப்பார் வேண்டும்.

லோயர் காம்ப்பில் பென்னிகுயிக் துரைக்கு மணிமண்டபம் 2013-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி, அவர் பிறந்த நாளிலேயே, திறக்கப்பட்டது. பாலார்பட்டி விவசாயிகள் அந்நாளில் அவர் பேரால் பொங்கலிடுகிறார்கள். அந்நிய ஆட்சியின் உத்தியோகஸ்தர் ஒருவருக்கு உழவர் இவ்வளவு நன்றி பாராட்டுவதில் நமக்கு யாதொரு ஆக்ஷேபணையும் இல்லை. சோறு போட்ட வேலையை ஜனங்கள் மறப்பதில்லை. ஆனால் மலைக்காய்ச்சலில் மாண்ட கூலித் தொழிலாளர் அனைவரும் நம் நாட்டார் அல்லவா? மண்டபத்துக்கு வருவோருக்குத் துரை சொத்தை விற்று அணை கட்டிய கதையைச் சொல்வதைவிட, சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து மலையேறியவர்களின் சரித்திரத்தைச் சொல்வது உசிதம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கூடலூருக்கு மேலே மலைமுகட்டில் மங்கலதேவி கோட்டம் இருக்கிறது. சிலப்பதிகாரம் கூறும் கண்ணகி கோட்டம் இதுவே என்று பேராசிரியர் கோவிந்தராசனார் 1963-இல் கண்டு வெளியிட்டார். கொடுங்கல்லூரே அக்கோட்டம் என்று வாதிப்போரும் உண்டு. அவ்வழக்கை அறிஞர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். கோயில் சிதைந்து கிடக்கிறது என்பதிலும், வருஷத்தில் சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டுமே ஜனங்கள் அங்கே போக இயலும் என்பதிலும் வாதத்துக்கு இடமில்லை. கேரளத்தின் பெரியாறு புலிகள் சரணாலயத்தை ஒட்டிய இடமாதலால் இக்கட்டுப்பாடு. அந்த ஒரு நாளுக்கும் தேனி, இடுக்கி இரண்டு ஜில்லாக்களின் கலெக்டர்களும் முன்கூட்டியே கூடி ஏற்பாடுகளை நிர்ணயிக்கிறார்கள்.

போகும் வழிகள் இரண்டு. குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறுவது ஒன்று. கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து காட்டுப்பாதையாக ஆறேழு கிலோ மீட்டர் நடந்து ஏறுவது மற்றொன்று. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்குக் கால் இருந்தால் போதும். நமது பக்தர்களில் ஏழைகளும் விரதமிருந்து நடப்பவர்களும் நாடுவது பின்னதையே. ஆயினும் மலைமேல் அனுமதிக்கும் நேரம் இரு சாராருக்கும் ஒன்றே. வண்டியில் வருவோன் சில மணி நேரத்தில் போய்த் திரும்புவான். செங்குத்தில் நடந்தேறும் கிழவிக்கு அந்நேரம் எங்ஙனம் போதும்?

பளியங்குடியிலிருந்து மலையுச்சி வரை தார் ரஸ்தா போடவேண்டும் என்று மேடைதோறும் கோஷிக்கப்படுகிறது. நம் எல்லையில் நம் ரஸ்தா என்னும் பேச்சு காதுக்கு இனியதுதான். எனினும் நாம் அதை ஆதரிக்கத் தயங்குகிறோம். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, 2023-ஆம் வருஷம் மே 27-ந் தேதி கம்பம் நகரத் தெருக்களிலேயே ஓடிற்று. அடுத்த மாதம் அதைப் பிடிக்கும் வரை பள்ளத்தாக்கு நடுங்கியது. யானை உலவும் வனத்தின் ஊடே மோட்டார் ஓட்டினால், ஒரு நாள் திருவிழா வருஷம் முழுவதும் நடக்கும் வியாபாரமாக மாறும். தேக்கடியில் பட்டது போதாதா? ரஸ்தா கேட்பதை விட்டு, இருக்கும் நடைபாதையைச் சீர்செய்யக் கேட்பதே விவேகம். காட்டை அறிந்த பளியர்களைக் கூலி கொடுத்து வழிகாட்டிகளாக வைக்கலாம்.

மற்ற நாட்களுக்கும் வேலை உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலான சீமைகளில் வருஷத்துக்கு ஒரு பருவமே விளையும் கொடி, இப்பள்ளத்தாக்கில் வருஷம் முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் காய்த்துக்கொண்டே இருக்கிறது. பந்தலின் கீழ் நின்று அதைப் பார்க்க விரும்பாத பட்டணவாசி யார்? சுருளி அருவியும் கூப்பிடு தூரத்தில்தான். உத்தமபாளையத்தில் 1956 முதல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி நடந்துவருகிறது. அதன் மாணவர்களில் சிலர் விடுமுறை நாட்களில் லோயர் காம்ப்பில் நின்று, நீர் வந்த வழியை யாத்திரிகருக்குச் சொன்னால், அதற்குச் சிறு ஊதியம் கொடுப்பது கூடலூர் முனிசிபாலிடிக்குப் பெரும் செலவாகாது. ரயில் 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை வந்துவிட்டது. தேனியில் இறங்குவோனைக் கூடலூர் வரை பஸ்ஸில் கொணர்ந்து சேர்க்க வேண்டியதே பாக்கி.

அடுத்த சித்திரைப் பௌர்ணமிக்கு முன் இரு ஜில்லா அதிகாரிகளும் வழக்கம்போல் கூடுவார்கள். நம் கலெக்டர் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெறட்டும்: நடந்து வருவோருக்கு முன்னதாகத் திறந்து தாமதித்து மூடும் நேரம், பாதையில் ஓரிரு இடங்களிலேனும் தண்ணீர், ஒரு வைத்தியர்.