ஞாயிறு காலை வகுப்பை இரண்டு வாரம் நிறுத்துவோமா?



டிசம்பர் பிறந்தால் நமது முகநூலில் வழக்கமான விவாதம் ஒன்று தொடங்கிவிடும். கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லலாமா, கூடாதா? ஒருவர் ஒரு பத்வாவைப் பகிர்வார். இன்னொருவர் அதற்கு மாறான பத்வாவைப் பகிர்வார். 26ஆம் திகதி எல்லோரும் வேறு விடயத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்தத் தீர்ப்பை உலமாக்களிடமே விட்டுவிடுவோம். இந்தப் பதிவு 25ஆம் திகதிக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியது. இரண்டு முடிந்துவிட்டன. 14, 21 ஆகிய இரண்டும் மீதி இருக்கின்றன. அந்த இரண்டு காலையிலும் கல்முனைப் பக்கம் டியூஷன் வகுப்பு வைக்காமல் விடுவோம் என்பதுதான் நாம் சொல்ல வருவது. கேட்க மிகச் சின்ன விடயம். ஏன் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

இந்த நான்கு வாரத்தையும் கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்கிறார்கள். இந்த ஆண்டு நவம்பர் 30இல் தொடங்கியது. பூசைக்குக் குருவானவர் ஊதா நிற உடை அணிவார். மூன்றாம் ஞாயிறு மட்டும் இளஞ்சிவப்பு அணிவதும் உண்டு. பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள் வைத்து ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். மற்ற ஞாயிறுகளில் பாடும் வானவர் கீதத்தை இந்த நான்கு ஞாயிறும் பாடமாட்டார்கள். அதை நத்தார் இரவுக்கென்று வைத்திருப்பார்கள். பாவசங்கீர்த்தனம் செய்வார்கள், பிள்ளைகள் கரோல் பழகுவார்கள், இளைஞர்கள் பாலன் குடில் கட்டத் தொடங்குவார்கள்.

கடைத்தெருவில் நமக்குத் தெரியும் கிறிஸ்மஸ் நட்சத்திர விளக்கும் சிவப்புத் தொப்பியும் கேக்கும்தான். கோயிலுக்குள்ளே நடப்பது காத்திருப்பு. இது நமக்குப் புரியாத விடயமல்ல. ரஜப் பிறந்ததுமே ரமழானை அடையச் செய் என்று துஆக் கேட்கும் சமூகம் நாம். இந்த ஆண்டு அவர்களுடைய நான்காம் ஞாயிறை ஒட்டித்தான் நமது ரஜப் பிறையும் வர இருக்கிறது.

அவர்கள் யாருடைய பிரசவத்தை நினைத்துக் காத்திருக்கிறார்களோ, அந்த மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயரில் நமக்கு ஒரு முழு சூராவே இருக்கிறது. குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண் அவர். ஈஸா நபியை நாம் அல்லாஹ்வின் தூதர் என்கிறோம், அவர்கள் இறைமகன் என்கிறார்கள். அது பெரிய வேறுபாடு. அதை மறைக்கவும் தேவையில்லை, குறைத்துச் சொல்லவும் தேவையில்லை. ஆனால் பேரீச்சை மரத்தடியில் தனியாக வேதனைப்பட்ட ஒரு தாயைப் பற்றி ஓதிய சமூகத்துக்கு, அந்தத் தாயை நினைத்து ஒரு மாதம் அடங்கியிருக்கும் அயலவரைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இருக்கக் கூடாது.

இனி நமது ஊருக்கு வருவோம்.

பெரியநீலாவணையிலிருந்து நிந்தவூர் வரை பிரதான வீதியில் போனால் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று எண்ணிக்கொண்டே போகலாம். இந்தக் கணக்கில் கத்தோலிக்கர் தனியாக வருவதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு 43 பேர் முஸ்லிம்கள். கத்தோலிக்கர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை சூடுபிடித்தால் அவர்களைத் தமிழர் என்று ஒரு பக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். 2019 ஏப்ரலில்தான் அவர்கள் கிறிஸ்தவர் என்பது பலருக்கு ஞாபகம் வந்தது. மற்ற நாட்களில் திரு இருதயநாதர் ஆலயத்தில் என்ன நடக்கிறது என்று இந்தப் பக்கத்திலிருந்து கேட்பவர்கள் குறைவு.

முன்னொரு காலத்தில் இப்படி இருக்கவில்லை. ஸாஹிராவும் மஹ்மூத் மகளிர் கல்லூரியும் வளர்வதற்கு முன், நமது பெரியவர்கள் பலர் ஆங்கிலம் படித்தது மிஷன் பாடசாலைகளில். வெஸ்லி மெதடிஸ்தர்களுடையது. கார்மேல் பற்றிமா கத்தோலிக்கர்களுடையது. அந்தப் பெயரே யோசிக்கத்தக்கது. மாதா காட்சி கொடுத்தார் என்று கத்தோலிக்கர் நம்பும் போர்த்துக்கல் கிராமத்தின் பெயர் பாத்திமா. அது அரபுப் பெயர். நமது பக்கத்தில் பாத்திமா இல்லாத வகுப்பறையே இல்லை.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசிடம் போயின. கத்தோலிக்கப் பங்குகளுக்கு அது பெரிய மாற்றம். கோயிலும் பாடசாலையும் ஒரே முற்றமாக இருந்த வாழ்க்கை அத்தோடு மாறியது. அதன் பிறகு முஸ்லிம் பாடசாலைகள் பெருகின. நமது பெண் பிள்ளைகள் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் வருவது அதனால்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு. இன்று நமது பிள்ளை முதலாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரை படித்து முடிக்கும்போது, பெரும்பாலும் ஒரு கத்தோலிக்கப் பிள்ளையுடன் ஒரு நாள்கூட ஒரே வாங்கில் இருந்திருக்காது. சமய பாடத்திலும் இஸ்லாம், சைவநெறி, கத்தோலிக்கம் என்று தனித்தனிப் புத்தகங்கள். அடுத்தவருடைய புத்தகத்தை ஒருவரும் திறப்பதில்லை.

மிச்சமிருக்கும் பொது வாங்கு டியூஷன் வகுப்புதான். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நல்ல ஆசிரியர் எந்த ஊரில் இருந்தாலும் பிள்ளைகள் சைக்கிளில் தேடிப் போகிறார்கள். அங்கே மட்டும்தான் மருதமுனைப் பிள்ளையும் பாண்டிருப்புப் பிள்ளையும் கல்முனைக் கோயில் வீதிப் பிள்ளையும் ஒரே கரும்பலகையைப் பார்க்கிறார்கள். அந்த வகுப்பு பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடக்கிறது. அதே நேரம்தான் பூசை. பூசையை ஒட்டித்தான் மறைக்கல்வி வகுப்பு.

அப்படியென்றால் கத்தோலிக்கப் பிள்ளைக்கு இரண்டில் ஒன்றுதான். கோயிலுக்குப் போனால் பாடம் போய்விடும். வகுப்புக்கு வந்தால் வருடத்தில் அவர்களுக்கு முக்கியமான ஞாயிறுகள் போய்விடும். இந்த ஆண்டு நிலைமை இன்னும் மோசம். வெள்ளத்தால் போன நாட்களை ஈடுசெய்ய ஞாயிறு காலையில் மேலதிக வகுப்புகளும் அறிவிக்கப்படுகின்றன.

நமது விடயத்தில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் இந்தப் பகுதியில் யாரும் வகுப்பு வைப்பதில்லை. முஸ்லிம் பிள்ளைகள் வரும் வகுப்பென்றால் தமிழ் ஆசிரியர்களும் வைப்பதில்லை. ரமழான் வந்தால் பின்னேர வகுப்பை நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே முடிக்கிறார்கள். பெப்ரவரியில் நோன்பு வருகிறது, அப்போதும் அப்படித்தான் செய்வார்கள். அதற்கு நாம் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த டிசம்பர்களில் நாமும் அவர்களும் எதையெல்லாம் சேர்ந்து கடந்து வந்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள் காலை. சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேல். பள்ளிவாசலிலும் கோயிலிலும் பாடசாலையிலும் கிடைத்த இடத்தில் சனம் ஒதுங்கியது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. நமது பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் கோயில்களில் பிரார்த்தனையில் இருந்தவர்களைக் கொன்றார்கள். ஐந்து நாளில் அந்த இரத்தம் சாய்ந்தமருதுக்கும் வந்தது. அங்கே வந்து தங்கியிருந்தவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் ஊர்மக்கள்தான். ஆனாலும் அந்த ஆண்டு திருவருகைக் காலம் எப்படி வந்தது? கோயில் வாசலில் துப்பாக்கியோடு காவல். ஜெபப் புத்தகம் கொண்டுவந்த பையையும் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அடுத்த ஆண்டு, 2020 டிசம்பர். கொரோனாவில் மௌத்தான நம்மவர்களின் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த காலம். 20 நாள் குழந்தையையும் எரித்தார்கள். அப்போது பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கட்டியவர்கள் நாம் மட்டுமல்ல. கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் வந்து கட்டினார்கள். அதுவும் திருவருகைக் காலம்தான். குண்டு வெடித்து இருபது மாதம்தான் ஆகியிருந்தது. கோபத்தோடு ஒதுங்கியிருக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. வந்தவர்கள் அந்தக் காரணத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

2024 நவம்பர் 26. காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மதரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள், ஐந்தாம் நாள், அவர்களுடைய முதல் மெழுகுதிரி ஏற்றப்பட்டது. இந்த ஆண்டு நவம்பர் 28இல் டித்வா புயல். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். இரண்டு நாளில் திருவருகைக் காலம் தொடங்கியது. இரண்டு ஆண்டும் உயர்தரப் பரீட்சை இடையில் நின்றது. பிள்ளைகள் எல்லோரும், எந்தச் சமயமாக இருந்தாலும், அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் இருக்கிறார்கள்.

அவர்களுடைய திருச்சபையிலும் இது மாற்றத்தின் ஆண்டு. பாப்பரசர் பிரான்சிஸ் கடந்த ஏப்ரல் 21இல் காலமானார். நமது நாட்டில் குண்டு வெடித்த அதே திகதி. புதிய பாப்பரசர் பதினான்காம் லியோ தமது முதல் வெளிநாட்டுப் பயணத்தைத் துருக்கிக்கும் லெபனானுக்கும் வைத்தார். திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முதல் நாள், இஸ்தான்புல் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலுக்குள் பாதணியைக் கழற்றிவிட்டுப் போனார். அங்கே அவர் தொழவில்லை. அவர் தொழ வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. இன்னொருவருடைய புனித இடத்துக்குரிய ஒழுங்கைக் கடைப்பிடித்தார், அவ்வளவுதான். நாம் கேட்பதும் அவ்வளவுதான். கோயிலுக்குள் யாரும் போக வேண்டியதில்லை, மெழுகுதிரி ஏற்ற வேண்டியதில்லை. அவர்கள் போகும் வழியில் நமது வகுப்பு குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

மறுப்புகள் வரும் என்று தெரியும்.

பாடத்திட்டம் முடியவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் இரண்டு காலை வகுப்பைச் சனி பின்னேரத்துக்கோ ஞாயிறு அஸருக்குப் பிறகோ மாற்றுவதால் பாடம் குறையாது. ஆறு மணித்தியாலத்தை நகர்த்தத்தான் கேட்கிறோம்.

வகுப்பில் நூறு பேர் இருந்தால் கத்தோலிக்கப் பிள்ளை இரண்டு பேர்தானே என்பார்கள். இந்த நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேராக இருக்கும் நாம் அந்தக் கணக்கைப் பேசக் கூடாது. அதே கணக்கை நம்மை நோக்கித் திருப்ப நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

அவர்கள் ஒருநாளும் கேட்கவில்லையே என்பார்கள். தூர இடங்களில் கந்தோரில் வேலை செய்யும் நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக அனுமதி கேட்பதற்கு எத்தனை வாரம் யோசித்தார்கள் என்று சொல்வார்கள். எண்ணிக்கையில் குறைந்தவர் வாய் திறந்து கேட்பதற்கு முன் பல தடவை விழுங்கிக்கொள்வார். அவர் கேட்கவில்லை என்பதற்காகத் தேவை இல்லை என்று ஆகிவிடாது.

ஆசிரியர்கள் செய்ய வேண்டியது இதுதான். வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் இன்றைக்கே நேர மாற்றத்தை அறிவியுங்கள். காரணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்: நமது சக மாணவர்களுக்குத் திருவருகைக் காலம் நடக்கிறது, அதனால் மாற்றுகிறோம் என்று. நமது பிள்ளைகள் பலர் அந்தச் சொல்லையே முதற்தடவையாக அப்போதுதான் வாசிப்பார்கள். என்ன அது என்று பக்கத்து வாங்கில் இருப்பவரிடம் கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இந்தக் கரையோரத்தில் வேறு இடம் இல்லை. சைவப் பிள்ளைகளின் அறநெறி வகுப்பும் ஞாயிறு காலைதான் என்பதால் அவர்களுக்கும் இதில் நன்மை உண்டு. இந்த இரண்டு வாரம் நடத்திப் பார்த்துவிட்டு, வருடம் முழுவதும் ஞாயிறு காலையை விடுவதா என்று ஜனவரியில் இருந்து பேசலாம்.

பெற்றோரும் ஒரு உதவி செய்யலாம். வகுப்பு மாறியது என்று ஆசிரியரைக் குறை சொல்லாமல், ஒருவரி நன்றி போடுங்கள்.

மூன்றாம் ஞாயிறு 14ஆம் திகதி. நாள் கிட்டே வந்துவிட்டது.

வஸ்ஸலாம்.