லாரிப் புகையும் சர்க்கார் நீதியும்

செங்கற்பட்டு, மாமல்லபுரம் சாலைகளில் ஒற்றை லாரியை நம்பிப் பிழைப்போர் புகைப் பரிசோதனையைக் கண்டு குமுறுகிறார்கள். 2019-ல் திருத்திய சட்டப்படி, புகை மிஞ்சினால் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே!

பரிசோதனையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. டீசல் புகை புற்றுநோய் தருமென உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் அறிவித்தது. அதை முதலில் விழுங்குபவர்கள் டிரைவரும் கிளீனரும் சாலையோரத் தொழிலாளியும்தான்.

ஆனால், பரிசோதனை நேரத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் சூழ்ச்சியை 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் செய்த வோக்ஸ்வாகன் கம்பெனி 2015-ல் அம்பலமாயிற்று. இங்கே பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; வசூலிக்கும் நடவடிக்கையைச் சுப்ரீம் கோர்ட் தடுத்தது.

ஏழைக்கு ஒரு நீதி, ஏகபோகத்துக்கு ஒரு நீதியா? சர்க்கார் செலவில் பரிசோதனை, இஞ்சின் பழுதுபார்க்கக் குறைந்த வட்டிக் கடன், ஏமாற்றும் கம்பெனிக்குத் தண்டனை! உழைப்பாளிகள் யாவரும் ஒரே குரலில் கோருவோம்.