லேக் கார்டன்ஸ் திண்ணை: வாசித்த முகமும் திரைமுகமும்



சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. வாதி, என் தாயார். பிரதிவாதி, ஐந்தாம் வகுப்பில் பயிலும் என் மகள். வழக்கிற்குக் காரணம் நந்தினி. தொலைக்காட்சியில் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. "இவள் நம் நந்தினி அல்லள்" என்று தாயார் தீர்ப்புரைத்தார். "அப்படியானால் உங்கள் நந்தினி எப்படி இருப்பாள், பாட்டி?" என்று குழந்தை கேட்டாள். தாயாரால் உடனே விடை கூற இயலவில்லை. ரயில்வே குமாஸ்தாவாகிய நானோ, இருபுறமும் வண்டி நிற்கும் லெவல் கிராஸிங் கதவுபோல் வாளாவிருந்தேன்.

தாயாரின் நந்தினி பிறந்த இடம் ஒரு பழைய தகரப் பெட்டி. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய அத்தொடருக்குச் சித்திரம் தீட்டியவர் ஓவியர் மணியம். அப்பக்கங்களை என் பாட்டியார் வாரம் தவறாது சேர்த்துத் தைத்து அட்டை கட்டுவித்தார். கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தபோது பாத்திரங்களோடு அதுவும் வந்தது. என் தாயாருக்கு வந்தியத்தேவனும் குந்தவையும் அந்தக் கோடுகளிலேயே உயிர் பெற்றவர்கள்.

அக்கதையைத் திரைக்குக் கொணர எம்.ஜி.ஆர். 1958-ஆம் ஆண்டிலேயே முயன்றார், கைகூடவில்லை. மணிரத்னம் அவர்களின் படம் முதற்பாகமாக 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகமாக 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தது. எழுபதாண்டுக் காலம் ஒவ்வொரு வாசகரும் தத்தம் மனத்தில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தனர். அத்தனை படங்களோடும் ஒரே படம் எவ்வாறு ஒத்துப்போகும்?

ஆழ்வார்க்கடியானை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அவர் குட்டையானவர், பருத்தவர், முன்குடுமியும் மேனியெங்கும் நாமமுமாகக் கைத்தடியுடன் வாதுக்கு நிற்பவர். அவ்வேடம் பூண்ட ஜெயராமோ இயல்பில் நெடியவர். ஆயினும் அவர் குறும்புச் சிரிப்பைக் கண்டதும் என் தாயாரே உயரத்தை மன்னித்துவிட்டார். பெரிய பழுவேட்டரையரின் அறுபத்து நான்கு விழுப்புண்களைத் திரையில் எண்ண ஒருவருக்கும் நேரமில்லை. அறுபதைக் கடந்த சரத்குமாரின் கம்பீரமே அவற்றுக்கு ஈடாயிற்று.

நந்தினியின் செய்தி வேறு. அவளும் ஊமை ராணியும் உருவத்தில் ஒத்திருப்பதே கதையின் முடிச்சு. ஆகவே இரு வேடங்களையும் ஐசுவரியா ராய்க்கே அளித்தது மூலத்திற்கு மாறானதன்று. ஆனால் கல்கி அவ்வொற்றுமையைப் பலப்பல அத்தியாயங்களில் மெல்ல மெல்லக் கசியவிட்டார். வாசகர் ஐயுற்றார், அஞ்சினார், பின்னரே தெளிந்தார். திரையிலோ முதற்பாகத்தின் இறுதியில் முகம் தோன்றிய கணமே பாதி இரகசியம் வெளிப்பட்டுவிடுகிறது. எழுத்து மறைக்க வல்லதைக் கண் மறைக்க வல்லதன்று. இது படத்தின் குற்றமன்று, திரையின் இயல்பு.

நிற்க. இவ்வழக்கை எங்கள் அடுத்த வீட்டு வங்காளத் தாதாவிடம் கூறினேன். அவர் நகைத்து, ஜடாயுவை நினைவூட்டினார். சத்யஜித் ராய் தாம் எழுதிய ஃபெலூதா கதைகளுக்குத் தாமே சித்திரமும் வரைந்தவர். 1974-இல் 'சோனார் கெல்லா' படத்தில் ஜடாயு என்னும் எழுத்தாளராகச் சந்தோஷ் தத்தா நடித்தார். அதன்பின் ராய் வரைந்த ஜடாயுவின் முகமே மாறி, சந்தோஷ் தத்தாவின் முகமாகிவிட்டது! படைத்தவரின் தூரிகையையே நடிகர் வென்றுவிட்டார். 1988-இல் அவர் மறைந்த பின்னர், ராய் மற்றொரு ஃபெலூதா படம் எடுக்கவேயில்லை. "ஒரு நல்ல முகம் வந்து அமர்ந்துவிட்டால் பிறகு எழுந்திராது" என்றார் தாதா.

அச்சொல் என்னை உறுத்திற்று. படைத்தவருக்கே அந்நிலையென்றால், என் மகளின் கதி என்ன? அவள் பள்ளியில் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் பயில்கிறாள். தமிழை எழுத்துக்கூட்டியே படிப்பாள். அவளுக்கு வந்தியத்தேவன் என்றால் கார்த்தி ஒருவரே. கார்த்தி நன்றாகவே நடித்தார். ஆனால் வேறொரு முகத்தை அவள் தானே கற்பித்துக்கொள்ளும் வாய்ப்பு நம் கவனக்குறைவால் போயிற்றே! தாயாருக்கோ கண்புரை, படித்துக் காட்ட இயலாது. எஞ்சியவன் நான்.

அன்றிரவே தகரப் பெட்டியைத் திறந்தேன். ஆடிப் பதினெட்டில், வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வாலிபனிடமிருந்து தொடங்கினேன். சித்திரங்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டேன். நாளுக்கு ஓர் அத்தியாயம். நான் தடுமாறும் இடங்களில் தாயார் நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். நான்காம் நாள் குழந்தை தானே ஆழ்வார்க்கடியானை வரைந்து வந்தாள். பூசணிக்காய் போன்ற உடல். கைகாட்டி மரத்துப் பட்டைகளைப் போன்ற நாமங்கள். மணியம் வரைந்ததையும் அது ஒக்கவில்லை, ஜெயராமையும் ஒக்கவில்லை. தாயார் அதைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் நோக்கி, "இவரும் அவர்தான்" என்றார். வழக்கு தள்ளுபடியாயிற்று.

நேயர்களே, படத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டாம் என்று நான் கூறவில்லை. அதற்கு முன்னோ பின்னோ, உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறவுங்கள்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.