வண்ணமும் வாழ்த்தும்

மணவிழா என்பது இரு குடும்பங்களுக்கு மட்டும் உரிய நிகழ்ச்சி அன்று. உற்றாரும் நண்பரும் ஊராரும் ஓரிடத்தே கூடி, புதுவாழ்வு தொடங்கும் இருவரை வாழ்த்தும் நன்னாள் அது. வாழ்த்தச் செல்வோர் நல்லாடை உடுத்துச் செல்வது நம் நாட்டு வழக்கம். அவ்வாடை எந்த நிறத்தில் இருத்தல் வேண்டும் என்னும் வினா எழும்போதுதான் வழக்கமும் அச்சமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. "கறுப்பு ஆகாது, வெள்ளைப் புடவை ஆகாது" என்று வீட்டுப் பெரியோர் தடுப்பதை நாம் கேட்டிருக்கிறோம். இத்தடையில் பண்பு எவ்வளவு, மூடநம்பிக்கை எவ்வளவு என்று பிரித்து அறிதல் வேண்டும்.

சென்னையின் தென்பகுதியில் உள்ள தாம்பரமும் அதனை அடுத்த ஊர்களும் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெருக்கத்தை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. விமானப்படைத் தளம் பல மாநிலத்தாரை இங்கே அழைத்து வந்தது. தாம்பரமும் பல்லாவரமும் அண்டையிலுள்ள வேறு சில ஊர்களும் 2021-இல் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. பல சமயத்தாரும் பல மொழியாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இடம் இது. ஆதலின், முகூர்த்த நாளொன்றில் இங்குள்ள திருமண மண்டபங்களையும் வழிபாட்டு இடங்களையும் நோக்கினால், நிறங்களைப் பற்றிய மக்களின் எண்ணங்கள் எவ்வளவு வேறுபட்டவை என்பது விளங்கும்.

முதலில் வெண்மையை எடுத்துக்கொள்வோம். ஒரு மண்டபத்தில் மணமகள் அரக்கு நிறக் கூறைப்புடவை உடுத்து வீற்றிருக்கிறாள். அவள் அருகில் மணமகன் வெண்பட்டு வேட்டியில் விளங்குகிறான். கேரள நாட்டார் திருமணத்திலோ, பொற்கரையிட்ட வெண்ணிற ஆடையே மங்கல ஆடை. விருந்தினரும் அதனை விரும்பி உடுப்பர். பரங்கிமலைப் பக்கத்துத் தேவாலயத்தில் கிறித்தவ மணமகள் வெண்புடவை உடுத்து வருகிறாள். இங்கிலாந்து நாட்டு விக்டோரியா அரசியார் 1840-இல் தம் திருமணத்தின்போது வெண்ணிற உடை அணிந்தார். அதன்பின் அவ்வழக்கம் மேனாடுகளில் பெரிதும் பரவியது. சீனரோ செந்நிறத்தைத் திருமணத்திற்கும் வெண்ணிறத்தைத் துயருக்கும் உரியதாகக் கொண்டனர். ஒரே வெண்மை ஓரிடத்தில் மங்கலம், மற்றோரிடத்தில் துயரம். நன்மையும் தீமையும் நிறத்திலேயே உறைந்திருப்பின், அவை இரயில் நிலையத்திற்கு ஒரு விதமாக மாறுமோ?

கறுப்பின் செய்தியும் இத்தகையதே. மணப்பந்தலில் கறுப்பாடையைக் கண்டு முகஞ்சுளிப்போரே, கண்ணேறு படாதிருக்க மணமக்களின் கன்னத்தில் கரும்பொட்டு இடுகின்றனர். தமிழ் முசுலிம் பெண்டிர் பலருக்குக் கருகமணியே மணவாழ்வின் அடையாளம். கார்த்திகைத் திங்களில் ஐயப்ப அடியார் கறுப்பாடையைத் தூய நோன்பின் உடையாக மேற்கொள்கின்றனர். சுயமரியாதைத் திருமணங்களில் கருஞ்சட்டை அணிந்தோர் முன்னின்று வாழ்த்துகின்றனர். அத்திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்று 1967-இல் தமிழகச் சட்டமன்றம் சட்டமும் இயற்றியது. அவ்வாறு மணந்தோரும் ஏனையோரைப் போலவே இல்லறம் நடத்துகின்றனர்.

நிறத்திற்கு இத்தகைய ஆற்றல் இல்லையெனின், எதனையும் உடுத்துச் செல்லலாமோ எனின், அதுவும் முறையன்று. மேனாட்டுத் திருமணத்திற்குச் செல்லும் பெண்கள் வெண்ணிற ஆடையைத் தவிர்ப்பர். வெண்மையால் கேடு வரும் என்று அஞ்சி அன்று. அந்நாளில் அந்நிறத்தின் சிறப்பு மணமகளுக்கே உரியது என்று மதித்தே தவிர்க்கின்றனர். சீன நண்பர் இல்லத்துத் திருமணத்திற்குச் செல்லும் தமிழரும் அவர்கள் துயருக்கு உரியதாகக் கொண்ட நிறத்தை விலக்குதல் நலம். பிறர் மனம் நோவாதிருக்க நாமே விரும்பி மேற்கொள்வது பண்பு. தீங்கு வரும் என்று அஞ்சிப் பிறர்மேல் சுமத்துவது மூடநம்பிக்கை. முன்னது நம்மைக் கட்டுப்படுத்தும். பின்னது பிறரை ஒதுக்கும். இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

ஆடையைப் பற்றிய அச்சம் ஆடையோடு நிற்பதில்லை, உடுத்தியவரையும் பற்றிக்கொள்கிறது. கணவனை இழந்த பெண்ணுக்கு வண்ணமும் பூவும் மறுத்து, வெண்புடவை உடுத்தச் செய்தது நம் சமுதாயம். பின்னர் அவ்வெண்மையையே காரணமாகக் காட்டி, மணப்பந்தலுக்கு வராதே என்று அவளை விலக்கியதும் அச்சமுதாயமே. இன்றும் சில இல்லங்களில், பெற்ற மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைத் தாய் தூண் மறைவில் நின்று காண்கிறாள். அல்லும் பகலும் உழைத்துப் பொருள் சேர்த்து அத்திருமணத்தை நடத்தி வைத்தவளும் அவளாகவே இருப்பாள். அவள் வாழ்த்தினும் உயர்ந்த வாழ்த்து உலகில் எவருடையது?

சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் இளமையிலேயே கணவனை இழந்தவர். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. அவர் பட்டம் பெற்ற ஆண்டு 1911. தம்மைப் போன்ற இளம்பெண்களுக்கு இல்லம் அமைத்தார், கல்வி அளித்தார், தம் காலில் தாமே நிற்கும் துணிவை ஊட்டினார். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய நல மையம் ஒன்று 1954-இல் அமைவதற்கும் துணைநின்றார். எத்தனையோ குடும்பங்களில் விளக்கேற்றிய அத்தகையோரின் வரவைத் தீய நிமித்தம் என்று எண்ணுவது எவ்வளவு பேதைமை!

ஆகவே, மணவிழாவிற்குச் செல்லும்போது அழைத்தவர் மகிழும் ஆடையை உடுத்துச் செல்வோம். நாம் மணவிழா நடத்தும்போதோ, வருவோரின் ஆடை நிறத்தை ஆராயாது அவர்தம் அன்பை நோக்குவோம். வெண்புடவை உடுத்து வாயிலில் தயங்கி நிற்கும் அன்னையைக் கைப்பற்றி அழைத்து வந்து, முன்வரிசையில் அமர்த்தி, முதல் அட்சதையை அவர் கையாலேயே தூவச் செய்வோம்.