ரீயூனியன்: எரிமலையும் புயலும் கரும்பும்

இந்து சமுத்திரத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ரீயூனியன் தீவு. இதன் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். 1946-ஆம் ஆண்டு முதல் பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாக இருந்து வருகிறது. தமிழர் வழிவந்தோர் பெருமளவில் வாழும் இத்தீவின் மலையையும் மழையையும் அறிந்தால்தான், அம்மக்கள் அங்கு சென்ற வரலாறும் நன்கு விளங்கும்.

தீவு முழுவதும் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானதே. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் பீறிட்டெழும் ஓரிடத்தின் மேல் இது அமைந்துள்ளது. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் தக்காணப் பீடபூமியின் கரும்பாறைகளை உண்டாக்கியதும் இதே வெப்பத்தலமே என்பது அறிவியலார் கருத்து. அதன் பின்னர் இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து சென்றுவிட்டது.

தீவின் நடுவே 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தே நேஜ் என்னும் பழைய எரிமலை உறங்குகிறது. மழைநீர் அதனைக் குடைந்து மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்னும் மூன்று பெருங்கிண்ணப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கியுள்ளது. அடிமைகளாக இருந்தோர் தப்பி ஓடி ஒளிந்த இடங்கள் இவை. மஃபாத் மக்களுக்கு இன்றும் மோட்டார் சாலை கிடையாது. நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும்.

தென்கிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்றை இம்மலைகள் தடுத்து நிறுத்துகின்றன. ஆகவே கிழக்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. மேற்குக் கரையிலோ அறுபது சென்டிமீட்டர் கூடப் பெய்யாத இடங்கள் உண்டு. கிழக்கின் நீரை மேற்கின் வயல்களுக்குக் கொண்டு செல்ல மலையைக் குடைந்து சுரங்க வாய்க்கால்களே அமைக்க வேண்டியதாயிற்று.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும் சேர்ந்த காலம். புயல்கள் வருவதும் அப்போதே. 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையை விட இது அதிகம்! 2007 பிப்ரவரியில் கமீத் புயலின்போது மூன்றே நாட்களில் ஏறத்தாழ 3,930 மில்லிமீட்டர் பெய்தது. இவ்விரண்டும் உலக சாதனைகள்.

இத்தகைய புயல்களே தீவின் வரலாற்றையும் திருப்பின. முன்னர் இங்கு காப்பியும் கிராம்பும் பயிராயின. 1806, 1807-ஆம் ஆண்டுகளின் புயல்களும் பெருமழையும் அத்தோட்டங்களை அழித்தன. காற்றில் வளைந்து மீண்டும் நிமிரக்கூடிய கரும்பு அவற்றின் இடத்தைப் பிடித்தது. கரும்புக்கு ஆள் வேண்டும். 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்தொகையில் கொண்டு செல்லப்பட்டனர். மழை மிகுந்த கிழக்குக் கரையில் உள்ள சேந்த் ஆந்த்ரே நகரில் அவர்களுடைய சந்ததியார் எழுப்பிய ஆலயங்களை இன்றும் காணலாம்.

தென்கிழக்கே உள்ள 2,632 மீட்டர் உயர பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் இன்னும் கனன்று கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அதன் குழம்பு ஆளில்லாப் பள்ளத்திலேயே வழிந்து அடங்கிவிடும். 1977 ஏப்ரலில் வழக்கம் மாறிப் பித்தோன் சேந்த் ரோஸ் கிராமத்துக்குள் புகுந்து வீடுகளை விழுங்கியது. மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அங்குள்ள மாதா கோவிலைச் சுற்றி நின்ற குழம்பு, கட்டடத்தை அழிக்காமல் உறைந்தது. அந்த அனுபவத்தின் பயனாக 1979-இல் எரிமலைக் கண்காணிப்பு நிலையம் நிறுவப்பட்டது.

மலை அதிர்வதை இன்று கருவிகள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. புயல் வரும் திசையும் தெரிந்துவிடுகிறது. கருவியேதும் இல்லாத அந்நாளில் கரும்புக் காட்டுக் குடிசைகளில் இருந்துகொண்டே இவ்வளவையும் தாங்கி நின்றார்கள் அந்த முதல் தலைமுறையினர்.